ஆயிரத்து இருநூறு பேருக்குத் தனிக் கவுண்டி எதற்கு?

கேட்டது இது: லேக் டாஹோவிலிருந்து திரும்பும்போது நெரிசலுக்குப் பயந்து தெற்கே மலைப்பாதையைப் பிடித்தோம், வழியில் கலிஃபோர்னியாவின் ஆல்பைன் கவுண்டி (மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பிரிவு) என்று பலகை, அப்புறம் மார்க்லிவில் என்று ஓர் ஊர், அதுதான் கவுண்டியின் தலைமையிடமாம், கண்ணை மூடித் திறப்பதற்குள் ஊர் முடிந்துவிட்டது, வழி நெடுக ஒரு டிராஃபிக் சிக்னல்கூட இல்லை. இவ்வளவு சின்ன இடத்துக்கு எதற்குத் தனி ஷெரிஃப் (கவுண்டியின் போலீஸ் தலைவர்), தனி கோர்ட், தனி நிர்வாகம்? பக்கத்துக் கவுண்டியோடு சேர்த்துவிட்டால் செலவு மிச்சம் இல்லையா?

இரண்டு வரியில் பதில் வேண்டுமென்றால்: வெள்ளிக்காக உண்டாக்கிய கவுண்டி இது, வெள்ளி சீக்கிரமே கைவிட்டது, கவுண்டி மட்டும் கலையாமல் நின்றுவிட்டது. ஏன் கலையவில்லை என்பதற்குத்தான் மலையையும் சட்டத்தையும் பணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நான் சாக்ரமென்டோ பக்கம் குடியிருப்பவன், அக்டோபரில் ஹோப் வேலியில் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகும்போது வருஷம் தவறாமல் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருப்பவன், போகப் போக இந்தக் கவுண்டியின் மேல் ஒரு பைத்தியமே பிடித்துவிட்டது. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் அளவு. கலிஃபோர்னியாவில் 58 கவுண்டிகள். அதில் மக்கள்தொகையில் கடைசி ஆல்பைன்தான். 2020 கணக்கெடுப்பில் 1,204 பேர். அதே கணக்கெடுப்பில் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் ஒரு கோடிப் பேர். சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒரே வகை, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன். பரப்பளவு மட்டும் 740 சதுர மைலுக்குக் கொஞ்சம் மேல், அதாவது கிட்டத்தட்ட 1,925 சதுர கிலோமீட்டர். ஒன்றரை சதுர கிலோமீட்டருக்கு ஓர் ஆள் என்ற கணக்கு. நகராட்சி அந்தஸ்துள்ள ஊர் ஒன்றுகூடக் கிடையாது. மார்க்லிவில், வுட்ஃபோர்ட்ஸ், மேற்கே பேர் வேலி, கிர்க்வுட், அவ்வளவுதான் சொல்லிக்கொள்ளும்படியான குடியிருப்புகள். உயர்நிலைப் பள்ளி இல்லை, மேல்வகுப்புப் பிள்ளைகள் பெரும்பாலும் மாநில எல்லையைத் தாண்டி நெவாடாவுக்குப் படிக்கப் போகிறார்கள். ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் சவுத் லேக் டாஹோவுக்கோ நெவாடாவின் கார்ட்னர்வில்லுக்கோ காரை எடுக்க வேண்டும்.

மலை எப்படி இருக்கிறது என்று புரிந்துகொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும். சியரா நெவாடா மலைத்தொடரின் முகடு இந்தக் கவுண்டியின் நடுவே ஓடுகிறது. முகட்டுக்கு மேற்கே கருங்கல் பாறை, அடர்ந்த காடு, தலைக்கு மேல் பனி. கிழக்கே எரிமலைப் பாறை, சேஜ் புதர், பினியன் பைன், மழை மறைவுப் பிரதேசத்தின் வறட்சி. உச்சி சொனோரா சிகரம், 11,459 அடி. முகட்டில் விழும் பனி எந்தப் பக்கம் உருகுகிறது என்பதைப் பொறுத்து அதன் தலைவிதியே வேறு. மேற்கே உருகினால் மொகெலம்னி ஆற்றிலோ ஸ்டானிஸ்லாஸ் ஆற்றிலோ சேர்ந்து பசிபிக் பக்கம் போகும். ஓக்லண்டிலோ பெர்க்லியிலோ நீங்கள் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீரில் ஆல்பைன் பனியும் கலந்திருக்கிறது. கிழக்கே உருகினால் கார்சன் ஆறு. அது கடலையே பார்க்காது, நெவாடா பாலைவனத்தில் கார்சன் சிங்க் என்ற பள்ளத்தில் போய் வற்றிவிடும். ஹைலேண்ட் ஏரிகள் என்று எபெட்ஸ் கணவாய்க்குப் பக்கத்தில் இரண்டு ஏரிகள் இருக்கின்றன, அடுத்தடுத்து. ஒன்றின் தண்ணீர் மொகெலம்னிக்கு, இன்னொன்றின் தண்ணீர் ஸ்டானிஸ்லாஸுக்கு. நடுவில் நின்று பார்த்தால் எந்தப் பக்கம் சரிவு என்றே கண்ணுக்குத் தெரியாது.

கணவாய்களின் உயரம் இப்படி: கார்சன் 8,574 அடி, எபெட்ஸ் 8,730, மானிட்டர் 8,314. இதில் நெடுஞ்சாலை 88 போகும் கார்சன் கணவாயைத்தான் குளிர்காலத்தில் பனியை வாரி வாரித் திறந்து வைக்கிறார்கள். எபெட்ஸும் மானிட்டரும் முதல் பெரிய பனி விழுந்ததும் மூடினால் வசந்தம் கடந்துதான் திறக்கும். எபெட்ஸ் சாலையைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, நடுக்கோடுகூட இல்லாத ஒன்றரை வண்டி அகலச் சாலை அது, எதிரே வண்டி வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். இதன் விளைவு என்னவென்றால் குளிர்காலம் முழுக்க பேர் வேலி ஒரு பக்கம், தலைமையிடமான மார்க்லிவில் மறுபக்கம். கோடையில் ஒரு மலையைத் தாண்டிப் போகிற தூரத்துக்கு, குளிர்காலத்தில் மேற்கே அடிவாரம் வரை இறங்கி, வேறு கவுண்டிகள் வழியாகச் சுற்றி, மறுபடி மலையேறி, நூறு மைலுக்கு மேல் ஓட்டிக்கொண்டு வர வேண்டும். ஒரே கவுண்டிக்குள் ஒரு ஆபீஸுக்குப் போக இந்தப் பாடு. பனி என்றால் எவ்வளவு என்று கேட்காதீர்கள். மேற்குப் பக்கத்து டாமராக் வானிலை நிலையத்தில் 1911 மார்ச்சில் தரையில் கிடந்த பனியின் ஆழம் 451 அங்குலம், முப்பத்தேழு அடிக்கு மேல். அமெரிக்கப் பதிவுகளில் அதுதான் பெரிய எண்ணாக இன்றும் சொல்லப்படுகிறது.

சரி, வரலாறு. இந்த நிலத்தின் பழைய சொந்தக்காரர்கள் வாஷோ மக்கள். கோடையில் டாஹோ ஏரிக்கரை, இலையுதிர்காலத்தில் கிழக்கு மலைகளில் பினியன் பைன் கொட்டை சேகரிப்பு, குளிரில் தாழ்வான பள்ளத்தாக்கு என்று பருவத்தோடு நகர்ந்தவர்கள். வெள்ளைக்காரர்களில் ஜெடிடியா ஸ்மித் 1827இல் எபெட்ஸ் கணவாய்ப் பக்கமாகத் தாண்டினார். 1844 பிப்ரவரியில் நில ஆய்வுக்கு வந்த ராணுவ அதிகாரி ஜான் ஃப்ரெமான்ட்டும் வழிகாட்டி கிட் கார்சனும் நடுக்குளிரில் மலையைத் தாண்டத் துணிந்தார்கள். இந்தப் பனியில் போகாதீர்கள் என்று உள்ளூர் முதியவர் ஒருவர் எச்சரித்தார், கேட்கவில்லை, தாண்டிவிட்டார்கள், ஆனால் வழியில் தங்கள் குதிரைகளையும் கழுதைகளையும் அறுத்துத் தின்ன வேண்டியதாயிற்று. அந்தப் பயணத்தில்தான் ரெட் லேக் சிகரத்தின் மேலிருந்து ஃப்ரெமான்ட் டாஹோ ஏரியை முதன்முதலாகப் பார்த்தார். அந்தச் சிகரம் ஆல்பைன் கவுண்டியில்தான் இருக்கிறது. 1848இல் கலிஃபோர்னியாவிலிருந்து யூட்டாவுக்குத் திரும்பிய, மார்மன் என்ற மதப்பிரிவைச் சேர்ந்த படைப்பிரிவினர் கார்சன் கணவாய் வழியாக வண்டிப்பாதை போட்டார்கள், கடினமான பகுதி தாண்டியாயிற்று என்ற நம்பிக்கையில் ஹோப் வேலிக்கு அந்தப் பெயர் வைத்ததும் அவர்கள்தான். அடுத்த வருஷம் தங்கத்தைத் தேடி எதிர்த்திசையில் ஆயிரக்கணக்கானோர் அதே பாதையில் வந்தார்கள்.

அதுவரை இது கடந்துபோகும் இடம், தங்குமிடம் அல்ல. 1859இல் நெவாடாவில் காம்ஸ்டாக் என்ற பெரிய வெள்ளிப் படிவம் கிடைத்ததும் கதை மாறியது. அங்கே கிடைத்தால் பக்கத்து மலையிலும் கிடைக்காதா என்று ஆட்கள் பரவினார்கள். நார்வேக்காரச் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் நாட்டு வெள்ளிச் சுரங்க ஊரான காங்ஸ்பெர்கின் பெயரையே வைத்து ஓர் ஊரை உண்டாக்கினார்கள், அது பின்னால் சில்வர் மவுண்டன் சிட்டி ஆயிற்று. அங்கே போகிற கூட்டத்தை நம்பி ஜேக்கப் மார்க்லி என்பவர் ஆற்றுக் கிளையின் மேல் பாலம் போட்டுச் சுங்கம் வாங்கினார். 1862இல் 160 ஏக்கர் நிலத்தைத் தன் பெயருக்குப் பதிவு செய்தார், ஆனால் பதிவு செய்த ஆபீஸ் நெவாடாவின் டக்ளஸ் கவுண்டி! எல்லைக் கோடு எங்கே போகிறது என்று அப்போது யாருக்கும் நிச்சயம் இல்லை. அளந்து பார்த்தபோது நிலம் கலிஃபோர்னியாவில் வந்தது. மனிதருக்கு அது தெரிந்து பயனில்லை, 1863இலேயே துப்பாக்கிச் சண்டையில் செத்துப்போனார். அவருடைய குடிசை இருந்த இடத்தில்தான் இன்றைய கவுண்டி கோர்ட் கட்டடம் நிற்கிறது.

1864 மார்ச்சில் கலிஃபோர்னியச் சட்டசபை அமடோர், கலவேரஸ், எல் டோரடோ, மோனோ, டுவாலமி ஆகிய ஐந்து கவுண்டிகளிலிருந்து துண்டு துண்டாக வெட்டி ஆல்பைனை உண்டாக்கியது. காரணம் எளிது. சுரங்க நிலத்துக்குப் பத்திரம் பதியவும் வழக்குப் போடவும் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிப் போக வேண்டியிருந்தது, பாதி வருஷம் பனியில் பாதையே கிடையாது. சுரங்கத் தகராறு வசந்தம் வரை காத்திருக்குமா? அதனால் தனி கோர்ட், தனிப் பதிவு ஆபீஸ் கேட்டார்கள், கிடைத்தது. தலைமையிடம் சில்வர் மவுண்டன் சிட்டி.

அந்தச் சமயம் இங்கே பத்தாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு நம்பிக்கை இல்லை. சுரங்கப் பங்கு விற்கிறவர்கள் சொன்ன கணக்காக இருக்கும் என்பது என் ஊகம், ஏனென்றால் ஆறே வருஷம் கழித்து 1870 கணக்கெடுப்பில் வந்த எண்ணிக்கை 685. அங்கே கிடைத்த தாது கெட்டித்தாது, வெள்ளி அதிலிருந்து சுலபமாகப் பிரியாது. லண்டன் முதலீட்டாளர்களின் ஏஜென்டாக 1867இல் வந்த லூயிஸ் சால்மர்ஸ் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் பணத்தைக் கொட்டினார், வெள்ளி வந்ததைவிடக் கடிதம்தான் அதிகம் போயிருக்கும். 1873இல் அமெரிக்க அரசு வெள்ளி டாலர் அடிப்பதை நிறுத்தியது, விலை சரிந்தது, இருந்த உயிரும் போயிற்று. 1875இல் தலைமையிடம் மார்க்லிவில்லுக்கு மாறியது. அப்புறம் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது: 1900இல் 509, 1920இல் 243, 1930இல் 241. இருநூற்று நாற்பத்தொரு பேர்! ஒரு கல்யாண மண்டபம்கூட நிரம்பாது. ஆனால் அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1928இல், நெவாடாவின் பேர்பெற்ற கட்டடக் கலைஞர் ஃப்ரெடெரிக் டெலாங்சாம்ப்ஸை வைத்து உள்ளூர்க் கல்லால் புது கோர்ட் கட்டியிருக்கிறார்கள். கலைந்துபோகிற எண்ணம் இருப்பவர்கள் செய்கிற வேலையா அது?

வெள்ளியைவிட நிஜமாகச் சோறு போட்டது மரமும் மாடும்தான். காம்ஸ்டாக் சுரங்கங்களுக்கு முட்டுக் கொடுக்கவும் கொதிகலன் எரிக்கவும் மரம் வேண்டும், நெவாடாப் பக்கம் மொட்டை மலை. ஆல்பைனில் குளிரில் வெட்டி அடுக்கி, வசந்தத்தில் பனி உருகிக் கார்சன் ஆறு பெருகும்போது கட்டைகளை ஆற்றில் தள்ளிவிட்டால் அவை தானே நெவாடா போய்ச் சேரும். பள்ளத்தாக்குகளில் மாடு வளர்த்தவர்கள் வெண்ணெயை விற்றார்கள். பின்னால் பாஸ்க் இன ஆட்டு மேய்ப்பர்கள் வந்தார்கள், ஆஸ்பென் மரப் பட்டையில் அவர்கள் செதுக்கிய பெயர்களும் படங்களும் இன்னும் இருக்கின்றன. சில படங்கள் குழந்தைகளோடு போகும்போது பார்க்கத் தக்கவை அல்ல, தனியாகத் திரிந்த ஆண்கள், விடுங்கள்.

ஸ்னோஷூ தாம்சனைச் சொல்லாமல் ஆல்பைன் வரலாறு முடியாது. நார்வேயின் டெலிமார்க்கில் 1827இல் பிறந்தவர். 1856 முதல் இருபது குளிர்காலம், பிளாசர்வில்லிலிருந்து நெவாடாவின் ஜெனோவா வரை தொண்ணூறு மைல், முதுகில் தபால் மூட்டையோடு, பத்தடி நீள மரப்பலகைகளைக் காலில் கட்டிச் சறுக்கிப் போனார். போக மூன்று நாள், வர இரண்டு நாள். ஸ்கீ என்ற சொல் அப்போது அங்கே பழக்கத்தில் இல்லாததால் அதை ஸ்னோஷூ, அதாவது பனிச்செருப்பு, என்றார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. வீடும் நிலமும் ஆல்பைனின் டைமண்ட் வேலியில். அரசாங்கம் அவருக்குக் கூலி தரவே இல்லை. வாஷிங்டன் வரை போய்க் கேட்டும் கிடைக்காமலே 1876இல் இறந்தார்.

இப்போது நிர்வாகம். கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் என்று எல்லோரும் மொழிபெயர்த்துவிடுகிறோம், அது பாதிதான் சரி. மாவட்டத்துக்குக் கலெக்டர் மேலிருந்து வருகிறார். கவுண்டியில் முக்கியமானவர்கள் எல்லோரும் கீழிருந்து ஓட்டு வாங்கி வருகிறார்கள். கலிஃபோர்னிய அரசியலமைப்பே சொல்கிறது, ஒவ்வொரு கவுண்டிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சிக்குழு ஒன்று, ஷெரிஃப் ஒருவர், அரசுத் தரப்பில் வழக்காடும் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி ஒருவர், சொத்து மதிப்பீட்டாளர் ஒருவர் இருந்தே ஆகவேண்டும். ஒரு கோடிப் பேருக்கும் அதே சட்டம், 1,204 பேருக்கும் அதே சட்டம். ஆல்பைனின் ஆட்சிக்குழுவில் சூப்பர்வைசர்கள் என்ற ஐந்து உறுப்பினர்கள், ஒவ்வொருவரும் சுமார் 240 பேருக்குப் பிரதிநிதி. குழந்தைகளைக் கழித்து, ஓட்டுப்போடாதவர்களைக் கழித்துப் பார்த்தால் நூறு ஓட்டுக்குள் ஜெயித்துவிடலாம். லாஸ் ஏஞ்சலஸிலும் சூப்பர்வைசர்கள் ஐந்தே பேர், ஒருவருக்கு இருபது லட்சம் மக்கள்.

சின்ன இடம் என்பதால் வேலை சின்னதாகிவிடாது. நிலப் பதிவு, வரி வசூல், தேர்தல், சாலை, பொதுச் சுகாதாரம், குழந்தைகள் பாதுகாப்பு, நிலப் பயன்பாட்டு அனுமதி, எல்லாம் கவுண்டியின் பொறுப்பு, நகராட்சி இல்லாததால் பகிர்ந்துகொள்ள ஆளும் இல்லை. அதனால் ஒருவர் தலையில் இரண்டு மூன்று தொப்பி. ஷெரிஃப்தான் மர்மச் சாவுகளை விசாரிக்கும் கரோனரும். கோர்ட்டுக்கு இரண்டு நீதிபதிகள் உண்டு, ஆனால் சிறை கிடையாது, கைதிகளைப் பக்கத்துக் கவுண்டியில் காசு கொடுத்து வைக்கிறார்கள். வாக்குச்சாவடி வைத்துக் கட்டுப்படியாகாது என்பதால் கலிஃபோர்னியாவின் மற்ற பகுதிகளுக்குத் தபால் ஓட்டு பரவலாவதற்கு வெகு முன்பே இங்கே எல்லோருக்கும் தபால் ஓட்டுதான். கூட்டங்களில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அது வசதியா தொல்லையா என்று அங்கே குடியிருப்பவரிடம் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். என் அபிப்பிராயத்தில் சாலை பழுது சொல்ல வசதி, சொத்துத் தகராறுக்குத் தொல்லை.

இந்தச் சின்ன எண்ணிக்கை ஒரு காலத்தில் பெரிய அதிகாரமாகவும் இருந்தது. 1926இல் கலிஃபோர்னிய வாக்காளர்கள் ஏற்ற ஒரு திட்டப்படி மாநில செனட்டில் எந்தக் கவுண்டிக்கும் ஓர் உறுப்பினருக்கு மேல் கிடையாது, சின்னக் கவுண்டிகள் மூன்று வரை சேர்ந்து ஓர் உறுப்பினர். ஆல்பைன், இன்யோ, மோனோ மூன்றும் சேர்ந்து ஒரு செனட்டர், 1960 கணக்குப்படி மூன்றிலும் சேர்த்துச் சுமார் 14,000 பேர். லாஸ் ஏஞ்சலஸின் அறுபது லட்சம் பேருக்கும் ஒரே செனட்டர். மலைக்காரன் ஓட்டு ஒன்றுக்கு லாஸ் ஏஞ்சலஸ்காரன் ஓட்டு நானூறுக்கு மேல் வேண்டும். 1964இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருவருக்கு ஓர் ஓட்டு, எல்லா ஓட்டும் சம எடை என்று தீர்ப்புச் சொன்னதோடு அந்த ஆட்டம் முடிந்தது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த கேள்வி. கவுண்டியின் நிலத்தில் சுமார் 96 சதவீதம் அரசுக்குச் சொந்தம், பெரும்பாலும் மத்திய அரசின் தேசியக் காடுகள். ஹம்போல்ட்-டோயாபி, ஸ்டானிஸ்லாஸ், எல்டோரடோ என்று மூன்று காடுகள் இங்கே சந்திக்கின்றன. மத்திய அரசின் நிலத்துக்குக் கவுண்டி வரி போட முடியாது. ஆக, மிச்சம் இருக்கும் நாலு சதவீதத்தில் வசூலித்து நூறு சதவீதத்துக்கும் ஷெரிஃப் அனுப்ப வேண்டும், மலையில் வழி தவறியவரைத் தேட வேண்டும், பெரும்பாலும் வெளியூர்க்காரர். இதற்கு ஈடாக இரண்டு வழி உண்டு. 1908 சட்டப்படி காட்டு வருமானத்தில் கால் பங்கு பள்ளிக்கும் சாலைக்கும் வந்தது. மரம் வெட்டுவது குறைந்ததும் அந்த வருமானம் சுருங்கியதால் 2000இல் அதற்கு மாற்றாக ஒரு சட்டம் வந்தது. இன்னொன்று 1976 முதல் வரிக்குப் பதிலாக மத்திய அரசு தரும் ஈட்டுத்தொகை. இரண்டும் வாஷிங்டனில் பட்ஜெட் போடுகிறவர்களின் மனநிலையைப் பொறுத்தது. அடுத்த வருஷம் எவ்வளவு வரும் என்று தெரியாமல் பட்ஜெட் போடுவது ஆல்பைனுக்குப் பழகிப்போன விஷயம்.

மீதிக்குக் கைகொடுப்பது பனிச்சறுக்கு. 1967இல் பேர் வேலி, 1972இல் கிர்க்வுட். இந்த இரண்டும் வந்த பிறகுதான் மக்கள்தொகை 1970இன் 484இலிருந்து 1980இல் 1,097 ஆனது. நூறு வருஷம் துரத்திய பனி கடைசியில் சோறு போட்டது. விடுதி வரியும் வார இறுதி வீடுகளின் சொத்து வரியும் கவுண்டிக்கு உயிர்நாடி. வீடுகளில் பாதிக்கு மேல் வருஷத்தில் பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கும். கிர்க்வுட் விஷயம் வேடிக்கை: அந்த ஒரே குடியிருப்பு ஆல்பைன், அமடோர், எல் டோரடோ என்று மூன்று கவுண்டிகளில் விரிந்து கிடக்கிறது, மின்சாரத்துக்கு 2014 வரை சொந்த டீசல் ஜெனரேட்டர்தான்.

1970ஐப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அந்த ஒரே வருஷத்தில் இரண்டு சம்பவம். ஒன்று உலகம் முழுக்கச் செய்தியானது. ஓட்டுரிமைக்கு மாநிலத்தில் குடியிருக்க வேண்டிய காலம் குறையப்போகிறது என்ற பேச்சு வந்ததும் லாஸ் ஏஞ்சலஸ் ஓரினச் சேர்க்கையாளர் விடுதலை முன்னணியைச் சேர்ந்தவர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். ஆல்பைனில் ஐநூறு பேர்கூட இல்லை, வாக்காளர்கள் அதிலும் குறைவு. நம் ஆட்கள் சில நூறு பேர் குடிபோனால் ஷெரிஃப் முதல் நீதிபதி வரை நம்மவர்கள், போலீஸ் தொல்லை இல்லாத ஒரு கவுண்டி நமக்கென்று. டான் ஜாக்சன் என்பவர் கிளப்பிய யோசனை, அக்டோபரில் அறிவித்தார்கள். உள்ளூரில் பதற்றம், சூப்பர்வைசர்கள் மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவுக்கு ஓடினார்கள். சில மாதங்களில் திட்டம் ஓய்ந்தது, ஏன், எங்கள் நோக்கமே செய்தியில் வருவதுதான் என்று அமைப்பின் மோரிஸ் கைட் தரப்பு பின்னால் சொன்னது. எனக்கு அதில் பிடித்தது அவர்கள் போட்ட கணக்கு. கவுண்டி என்ற இயந்திரத்தின் சாவி எத்தனை சின்னது என்று அங்கேயே குடியிருந்தவர்களைவிட அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

இன்னொரு சம்பவம் யார் கண்ணிலும் படவில்லை. அதே வருஷம் ஜூலையில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டத்தின் மூலம் ஆல்பைனில் 80 ஏக்கர் நிலத்தை வாஷோ இனத்துக்காக மத்திய அரசு பொறுப்பில் வைத்திருக்கும் நிலமாக ஒதுக்கியது. வுட்ஃபோர்ட்ஸ் பக்கம் இருக்கும் ஹங்-அ-லெல்-டி குடியிருப்பு அதுதான். நூறு வருஷமாகத் தங்கள் சொந்த மண்ணில் பிறர் பண்ணைகளில் வேலை செய்து கிடந்தவர்களுக்குக் கிடைத்தது எண்பது ஏக்கர். மார்க்லி ஒருவரே பதிவு செய்தது நூற்றறுபது என்பதை ஞாபகப்படுத்துகிறேன். இன்று கவுண்டி மக்களில் ஐந்தில் ஒருவர் பூர்வகுடி. அந்த 80 ஏக்கருக்குள் பழங்குடி நிர்வாகம் தனி, அது நெவாடாவிலிருந்து நடக்கிறது.

தண்ணீரையும் சொல்லிவிடுகிறேன், வழக்குப் பிரியர்களுக்குப் பிடிக்கும். கார்சன் ஆறு பிறப்பது ஆல்பைனில், குடிப்பது நெவாடா. யாருக்கு எவ்வளவு என்று 1925இல் மத்திய அரசு போட்ட வழக்கில் முதல் பிரதிவாதி ஆல்பைன் நிலம் மற்றும் நீர்த்தேக்கக் கம்பெனி. தீர்ப்பு வந்தது 1980இல். ஐம்பத்தைந்து வருஷம்! நம் ஊர் சிவில் கோர்ட்டைக் குறை சொல்கிறவர்கள் கவனிக்கவும். இன்றும் ஆல்பைன் தீர்ப்பு என்ற பெயரில் நீதிமன்றம் நியமித்த அதிகாரி ஒருவர் அந்த ஆற்றுத் தண்ணீரைப் பங்கு பிரிக்கிறார். அதே ஆற்றின் ஒரு கிளையில்தான் லெவையதன் சுரங்கம். 1950களில் அனகோண்டா கம்பெனி நெவாடாவில் செம்பு பிரிக்கத் தேவையான கந்தகத்துக்காக மலையைத் திறந்து தோண்டி, 1962இல் நிறுத்திவிட்டுப் போனது. திறந்து கிடந்த கந்தகப் பாறையில் மழையும் பனியும் பட்டு அமிலமாக வழிந்து கீழே ஓடையில் மீன் இல்லாமல் ஆக்கியது. 2000இல் அதை மத்திய அரசின் மோசமான மாசு இடங்களின் பட்டியலில் சேர்த்தார்கள், சுத்தம் செய்கிற வேலை இன்னும் ஓய்ந்தபாடில்லை.

நிலம் மத்திய அரசின் கையில் இருப்பதன் இன்னொரு முகம் 2021இல் தெரிந்தது. ஜூலை 4 அன்று மின்னல் தாக்கி மலைமேல் ஒரு மரம் பற்றியது. கால் ஏக்கர், பாறைக்கு நடுவில், போய்ச் சேரக் கஷ்டம், கண்காணித்தால் போதும் என்று வனத்துறை முடிவு செய்தது. பன்னிரண்டு நாள் புகைந்துகொண்டிருந்த அது ஜூலை 16 அன்று காற்றில் பாய்ந்து இறங்கியது. மார்க்லிவில், வுட்ஃபோர்ட்ஸ், ஹங்-அ-லெல்-டி எல்லாம் காலி செய்யப்பட்டன. மறுநாள் நடக்க இருந்த டெத் ரைடு என்ற புகழ்பெற்ற மலைச் சைக்கிள் பயணத்துக்காக ஊரில் குவிந்திருந்தவர்களும் சேர்ந்து ஓடினார்கள். டாமராக் தீ என்று பெயர், மொத்தம் 68,637 ஏக்கர் எரிந்தது. வீடுகள் சில போயின, ஊர் தப்பியது. முடிவெடுத்தது வேறு அலுவலகம், ஆட்களைக் கதவு தட்டி வெளியேற்றியது கவுண்டி ஷெரிஃபின் சின்னப் படை.

ஆக, சேர்த்துவிட்டால் என்ன? கலிஃபோர்னியாவில் உருவாகிச் செயல்பட்ட கவுண்டி ஒன்று கலைக்கப்பட்டது ஒரே ஒரு முறை, 1874இல் கிளாமத் கவுண்டி, கடனில் மூழ்கி. இன்று கலைக்க வேண்டுமென்றால் முதலில் ஆல்பைன்காரர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், அப்புறம் ஏற்றுக்கொள்ள ஒரு கவுண்டி வேண்டும். 96 சதவீதம் வரி வராத நிலம், பனி வாரும் செலவு, தீ, அமிலச் சுரங்கம், இதை எந்தக் கவுண்டி வா என்று கூப்பிடும்? அதோடு 1864இல் சொன்ன காரணம் இன்னும் அப்படியே இருக்கிறது. மேற்கே எந்தக் கவுண்டியோடு சேர்த்தாலும் மார்க்லிவில்காரர் ஒரு கையெழுத்துக்காக ஜனவரியில் மலையைத் தாண்டிப் போக வேண்டும். இயல்பாகச் சேர வேண்டிய பக்கம் கிழக்கு, அது வேறு மாநிலம்.

அடுத்த முறை போகும்போது ஊரைக் கடந்து ஓடிவிடாதீர்கள். மார்க்லிவில்லில் மேட்டின் மேல் சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது, 1882இல் கட்டிய ஒற்றை அறைப் பள்ளிக்கூடமும் மரக்கட்டையால் கட்டிய பழைய சிறையும் அங்கே உண்டு. கவுண்டியில் இப்போது நீங்கள் முழுசாகப் பார்க்கக்கூடிய ஒரே சிறை அதுதான். கோடையாக இருந்தால் அப்படியே நெடுஞ்சாலை 4இல் எபெட்ஸ் பக்கம் ஏறுங்கள், சாலையோரம் சில்வர் மவுண்டன் சிட்டியின் கல் சிறைச்சாலையில் மிஞ்சியது தெரியும். பெட்ரோலை மட்டும் கீழேயே போட்டுக்கொள்ளுங்கள்.